நண்டு வளையத்தைக் கறுப்பாக்கிய மூன்று கிழமை

ஜப்பானியக் குறுவாள் ஒன்றின் கைப்பிடி வளையத்தை நான் பழப்புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். குடித்திருக்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. முழுச் சுயநினைவோடு, சம்பளம் வாங்கும் நேரத்தில், பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்துப் பத்து நிமிடம் தேய்த்தேன். தேய்த்து முடித்ததும் அது மினுங்கிய அழகைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. அதைக் கழுவித் துடைத்து, வெள்ளைத் தாள் ஒன்றில் வைத்து, மேலதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைத்ததும் நான்தான். பிடிபட்டேன் என்று சொல்ல முடியாது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். ஐம்பத்தொன்பது வயது. மணிக்கட்டு இரண்டும் எனக்கு முந்தியே ஓய்வு பெற்றுவிட்டன. மல்கிரேவில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு அண்மையில் புதிய கருவி ஒன்று வந்திருக்கிறது. பார்க்கத் துப்பாக்கி போல இருக்கும். எந்த உலோகத்தின் மேலும் நீட்டி அமத்தினால், செம்பு இவ்வளவு, பொன் இவ்வளவு என்று சில செக்கனில் சொல்லிவிடும். அதைக் கொண்டாடும் சாக்கில் கேக் வெட்டினார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: "அங்கிள், இது இல்லாத காலத்தில ஒரு சாமான் என்ன உலோகம் எண்டு என்னண்டு கண்டுபிடிச்சனீங்கள்?"

"பிழை விட்டுத்தான் பிள்ளை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை.

பகிடியாக வாழ்ந்து பழகிவிட்டால் இதுதான் தொல்லை. உண்மையைச் சொன்னாலும் கை தட்டுகிறார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

டண்டினோங்கில் பற்சக்கரம் செய்யும் தொழிற்சாலையில் பதினொரு வருடம் ஃபிட்டராக இருந்தேன். அது மூடப்பட்டது. முப்பத்தெட்டு வயதில், நோபல் பார்க் வீட்டின் முன்னறையில், வேலை விளம்பரங்களுக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி சாந்தி முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிப்ட் செய்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் இந்தப் பட்டறை ஆள் தேடியது. மியூசியங்களுக்கும் தனியாட்களுக்கும் பழைய உலோகப் பொருட்களைச் சீர்செய்து கொடுக்கிற இடம். ஒரு பக்கம் டைல் கடை, மறு பக்கம் ஜிம். நடுவில் நாங்கள்.

நேர்முகத்துக்குப் போனால், என்னை விட ஆறு வயது இளையவர், திருச்சிக்காரி, உலோகவியலில் டாக்டர் பட்டம். பெயர் மீனாட்சி, பட்டறையை நடத்துகிறவர். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. இறுகிப்போன திருகாணியோடு பழைய மணிக்கூடு ஒன்றை முன்னால் தள்ளி, "இதைத் தெறங்க சார்" என்றார். பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இண்டைக்குத் திறக்க ஏலாது மேடம். எண்ணெய் விட்டுப்போட்டு நாளைக்குப் பாப்பம்."

"ம்" என்றார். "எப்ப ஜாயின் பண்றீங்க?"

அந்தப் பொறுமைக்காக எடுத்த ஆள்தான் நாலே மாதத்தில் புளியோடு நின்றான் என்பதை அவர் பிறகு பல தடவை எனக்கு நினைவுபடுத்தியிருக்கிறார்.

பயிற்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கையுறை போடு, கையுறை கழற்று, பஞ்சு சுற்று, எழுது. எழுதுவதுதான் மீனாட்சி மேடத்தின் மதம். ஆளுக்கு ஒரு கொப்பி. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'நினைத்தது'. எந்தப் பொருளாக இருந்தாலும், தொடுவதற்கு முன் இரண்டும் நிரம்பியிருக்க வேண்டும். சத்தம் போட மாட்டார். முகத்தைச் சுளிக்க மாட்டார். கண்ணாடியை மூக்கில் இறக்கி, கொப்பியைப் பார்த்து, மெதுவாகக் கேட்பார்.

"இந்தத் தட்டுல என்ன பாத்தீங்க சார்?"

"ஊத்தை, மேடம்."

"ஊத்தைங்கறது நீங்க நெனைச்சது. பாத்தது என்ன?"

"கறுப்பா ஒண்டு."

"அப்ப அதை எழுதுங்க."

எனக்கு உள்ளுக்குள் எரியும். தொழிற்சாலையில் ஊத்தை என்றால் ஊத்தைதான். அதற்கு இரண்டு கட்டம் போட்டு யாரும் விசாரணை வைத்ததில்லை.

நாலாவது மாதம் அந்த வாள் வந்தது. சிட்னியில், செவன் ஹில்ஸில் இருந்து, எழுபதை நெருங்கிய ஒரு மனிதர் காரிலேயே கொண்டுவந்தார். பெயர் மொரி. பல் கட்டும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். டொக்டர் இல்லை, டொக்டருக்குப் பின்னால் இருந்து செயற்கைப் பல் செய்து கொடுக்கிறவர். பாட்டனாரின் வாளாம். வாளுக்குரிய அனுமதிக் கடிதங்களைத் தனி ஃபைலில் போட்டு, வாளைக் கம்பளியில் சுற்றியிருந்தார். அவர் பேசியது ஆங்கிலம். இங்கே என் தமிழில் தருகிறேன். அதனால் அவர் யாழ்ப்பாணத்தான் போலக் கேட்டால் குற்றம் என்னுடையது.

வாகிசாஷி என்பார்கள். பெரிய வாளுக்குத் துணையாக இடுப்பில் செருகும் குறுவாள். அலகு என் முழங்கையில் இருந்து விரல் நுனி வரை. அதன் விளிம்பில் பனிப்புகை படிந்தது போல ஒரு வெள்ளைக் கோடு அலை அலையாக ஓடும். அலகைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்க்கும்போது உண்டாகிற கோடு அது. அதைப் பார்த்து நான் வாயைத் திறந்தேன். மேடம் உடனே வாயை மூடச் சொன்னார். அலகுக்கு மேல் பேசக்கூடாது. மூச்சின் ஈரம் பட்டாலே கறள் பிடிக்கும். வாழ்க்கையில் என்னை ஊமையாக்கிய முதல் பொருள் அதுதான் என்று சாந்தி இன்றைக்கும் அதற்கு நன்றி சொல்கிறாள்.

கைப்பிடியைக் கழற்றுவது ஒரு தனி வித்தை. கைப்பிடிக்குக் குறுக்கே மூங்கில் ஆணி ஒன்று இருக்கும். அதைப் பித்தளைக் குச்சியால் தட்டி வெளியே எடுக்க வேண்டும். பிறகு வாளை நிமிர்த்தி, இடது கையால் கைப்பிடியின் அடியைப் பிடித்து, வலது கை முஷ்டியால் நம்முடைய இடது மணிக்கட்டிலேயே குத்த வேண்டும். வாளில் இல்லை, நம் கையில். அந்த அதிர்ச்சியில் அலகு கைப்பிடியை விட்டு மெல்ல மேலே எழும்பும். மேடம் மூன்று குத்தில் எடுத்துக் காட்டி, திரும்பப் பொருத்தி என்னிடம் தந்தார். நான் பத்துக் குத்துக் குத்தி, என் கையை நானே வீங்க வைத்தேன். கடைசியில் அலகு எழும்பியபோது, தண்ணீருக்குள் இருந்து மீன் எட்டிப் பார்த்தது போல இருந்தது. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில் கறுத்த கறள். அதில் விரலே படக்கூடாது. வாளின் வயதை அந்தக் கறள்தான் சொல்லும். இதைக் கேட்டு, தலையாட்டி, கொப்பியிலும் எழுதினேன். கறளை விட்டுவை என்றார்கள், சரி. மற்றதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்று பிற்பாடு வாதாடுவதற்கு அது உதவவில்லை.

கைப்பிடியின் மரம் வெடித்திருந்தது. அதை ஒட்டிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. அதற்காக, மேலே சுற்றியிருந்த பட்டு நாடாவை அவிழ்த்தோம். நாடாவுக்கு அடியில் திருக்கைத் தோல். எங்கள் பக்கத்தில் கறி வைக்கிற அதே திருக்கை, இங்கே வெள்ளை முத்துப் போல மரத்தைப் போர்த்திக்கொண்டிருந்தது. கைப்பிடியின் ஒரு அந்தத்தில் வளையம், மறு அந்தத்தில் மூடி. வளையத்தில் மூன்று நண்டு, மூடியில் ஒரு நண்டு. எல்லாம் பொன். காலில் இருக்கும் மயிர் கூடத் தெரியும். நண்டுகளுக்குப் பின்னால் இருந்த தளம் முழுக்க மீன் சினை போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். கடுகை விடச் சிறிது. ஒவ்வொன்றும் தனித்தனியாக அடித்தது, வரிசை பிசகாமல். அந்தத் தளம் கறுப்பு.

"வளையத்தையும் மூடியையும் தூசி தட்டி டப்பால வைங்க. நான் சிட்டிக்கு ஒரு மீட்டிங் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மேடம் போனார்.

தூசு தட்டினேன். நண்டு மினுங்கியது. பின்னால் கறுப்பு. மத்தியானம் கடையில் வாங்கிய சாமான் பையில் பழப்புளி இருந்தது. முதல் நாள்தான் வீட்டில் குத்துவிளக்கு இரண்டையும் புளி போட்டுத் தேய்த்து, சாந்தியிடம் அபூர்வமாக ஒரு பாராட்டு வாங்கியிருந்தேன். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். பொன் நண்டு கரிச்சட்டிக்குள் கிடக்கிறதே, மேடம் வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று, பட்டறைக் குசினியில் புளியைக் கரைத்து, உப்பும் தொட்டு, வளையத்தைத் தேய்த்தேன். கறுப்புப் போனது. அடியில் இருந்து புதுச் செம்புக் காசு போல இளஞ்சிவப்பு வந்தது. மூடியையும் தேய்த்திருப்பேன். புளி முடிந்துவிட்டது. அந்தப் புளிக் கட்டி சின்னதாக இருந்ததற்கு இன்றைக்கும் நன்றியுடையவன்.

மேடம் வந்தார். மேசையைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கினார்.

"ம்."

நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"நோட்டைக் குடுங்க சார்." கொடுத்தேன். பக்கத்தைத் திருப்பினார். "இன்னைக்குப் பக்கம் காலியா இருக்கே."

"இதில எழுத என்ன இருக்கு மேடம்? கறள் பிடிச்சுக் கிடந்தது, துடைச்சு விட்டன்."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இது ஷாகுடோ. செம்புல கொஞ்சம் தங்கம் கலந்து செய்யறது. தங்கத்தை எதுக்குக் கலக்கறாங்க தெரியுமா? மின்னறதுக்கு இல்ல. கறுக்கறதுக்கு. கலந்து, மருந்துத் தண்ணில காய்ச்சினா, வேற எதுலயும் வராத ஒரு கறுப்பு வரும். அந்தக் கறுப்புதான் சார் வேலைப்பாடே. நண்டு அதுக்கு மேல சும்மா உக்காந்திருக்கு."

வளையத்தை வெள்ளைத் தாளோடு என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நான் திருப்பிச் செய்து தாறன் மேடம். அவருக்குச் சொல்லாதேங்கோ. முதல்ல சரிப்பண்ணிப் போட்டு..."

"மறைச்சுச் செஞ்சா அதுக்குப் பேர் ரிப்பேர் இல்ல." போனை எடுத்து நம்பரை அமத்தி, என் கையில் தந்தார். "நீங்களே சொல்லுங்க."

செவன் ஹில்ஸில் மணி அடித்தது. மொரி எடுத்தார். சொன்னேன். என் ஆங்கிலம் அன்றைக்குத்தான் ஆகக் கேவலமாக இருந்தது. புளிக்கு ஆங்கிலம் மறந்துபோய், 'இந்தியாவில் சாப்பிடுகிற புளிப்பான மண்ணிறச் சாமான்' என்று வர்ணித்தேன்.

"வளையம் மட்டுமோ?" என்று கேட்டார்.

"வளையம் மட்டும்தான் சேர்."

"மூடி?"

"தொடவே இல்லை."

பிறகு, "நீங்களே கறுப்பாக்குங்கோ. முதல்ல வேற துண்டுகளில செய்து பாருங்கோ. மூண்டு கிழமையில வந்து பாப்பன். வளையமும் மூடியும் ஒரே கறுப்பா இருக்க வேணும்" என்றார். திட்டவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

போனை வைத்ததும் மேடம் சொன்னார்: "சார், உங்களுக்கு ஆறு மாசம் ப்ரொபேஷன். இது நாலாவது மாசம். கறுப்பு வந்தா இருக்கீங்க. வரலைன்னா என்னால உங்களை வெச்சுக்க முடியாது. நெனைச்சதைச் சொல்லல, நடக்கப் போறதைச் சொல்றேன்."

வீட்டுக்குப் போய்ச் சாந்திக்குச் சொன்னேன். அவள் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்கட வாய்க்கு மட்டும்தான் பூட்டு இல்லையெண்டு நினைச்சனான்" என்றாள். "கைக்கும் இல்லை."

"இப்ப பொன் கொஞ்சம் வேணும். பரிசோதனைத் துண்டு செய்ய."

"எவ்வளவு?"

"அரைக் கிராம் காணும்."

சோடி தொலைந்த ஒற்றைத் தோடு ஒன்றை மேசையில் வைத்தாள். "இதுக்கும் புளி போட்டுடாதேங்கோ."

தெரிந்த நகைத் தொழிலாளி ஒருவர் தோட்டைச் செம்போடு உருக்கித் தகடாக்கித் தந்தார். அதைப் பன்னிரண்டு சின்னத் துண்டாக வெட்டினேன். முறை மேடத்துக்குத் தெரியும், ஆனால் புத்தகத்தில் படித்த அளவுக்குத்தான். செம்புப் பாத்திரத்தில் தண்ணீர். அதில் மயில்துத்தம் கொஞ்சம். ஜப்பானில் இருந்து வரவழைத்த பச்சைத் தூள் கொஞ்சம். அது செம்பில் பிடிக்கிற களிம்புதான். துண்டைக் கரித்தூளால் மினுக்கி, எண்ணெய்ப் பசை போகக் கழுவ வேண்டும். அதற்குப் பிறகு விரல் படக்கூடாது. காய்ச்சுவதற்கு முன் துண்டைத் தோய்க்க வேண்டிய சாமான் எது என்று மேடம் வாசித்தபோது, என்னைப் பகிடி பண்ணுகிறார் என்றே நினைத்தேன்.

"முள்ளங்கிச் சாறா?"

"ஆமா. வெள்ளை முள்ளங்கி. துருவிப் புழியணும்."

"மேடம், மரக்கறியால கெட்டதை மரக்கறியாலயே திருத்திறதோ?"

"புளி காய்கறி இல்ல சார். வேலையைப் பாருங்க."

முதல் துண்டு ஈரல் நிறத்தில் வந்தது. இரண்டாவது, ஆறிப்போன தேநீர். மூன்றாவது கொஞ்சம் கறுத்தது, ஆனால் தேமல் விழுந்திருந்தது. பட்டறை முழுக்க முள்ளங்கி நாற்றம். டைல் கடைக்காரர் வந்து, கழிவறை அடைத்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார். ஜிம்மில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். நாலு, ஐந்து, ஆறு. மருந்தின் அளவை மாற்றினேன், சூட்டை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன். தேமல் மாறவில்லை. இரண்டு கிழமை போய்விட்டது. ஏழாவது துண்டும் கெட்டபோது, எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் இரண்டு மொழியிலும் சொன்னேன். மேடம் காதில் விழாதவர் போல இருந்தார்.

"எழுதினீங்களா?"

"என்னத்தை எழுத? ஏழும் பழுது."

"பழுதுங்கறது நெனைச்சது."

கொப்பியை மேசையில் எறியத்தான் எடுத்தேன். எறிவதற்கு முன், எனக்கே தெரியாமல், இடது பக்கத்தை மட்டும் முதலில் இருந்து வாசித்தேன். தேமல் இரண்டு. தேமல் இரண்டு. தேமல் இரண்டு, எதிரும் புதிருமாக. ஒவ்வொரு நாளும் அலுப்போடு எழுதியதுதான். ஆனால் ஏழையும் சேர்த்துப் பார்த்தபோது, பதினொரு வருட ஃபிட்டர் ஒருவன் எனக்குள் விழித்தான். எதிரெதிரே, ஒரே அகலத்தில் இரண்டு அடையாளம் விழுந்தால், அது நோயும் இல்லை, மருந்தின் குற்றமும் இல்லை. ஏதோ ஒன்று அந்த இடத்தில் பிடித்திருக்கிறது. தேமலை அளந்தேன். நாலு மில்லிமீட்டர். நான் துண்டைப் பிடித்துத் தோய்க்கிற இடுக்கியின் வாயை அளந்தேன். நாலு மில்லிமீட்டர். இடுக்கி இரும்பு.

"மேடம்!" என்று கத்தினேன். "இரும்பு! மருந்துக்குள்ள இரும்பு படுகுது!"

அவர் எழும்பி வந்து, இடுக்கியைப் பார்த்து, கொப்பியைப் பார்த்தார். முதல் முறையாக அவர் முகம் சிவந்தது. "ரெண்டு வாரமா என் கண்ணு முன்னாடிதான் புடிச்சுட்டிருந்தீங்க. நானும் பாக்கல."

"அப்ப எழுதுங்கோ மேடம்" என்றேன். எழுதினார். தன்னுடைய கொப்பியில், இடது பக்கத்தில்.

செம்புக் கம்பியில் கொக்கி செய்து எட்டாவது துண்டைத் தொங்கவிட்டேன். தேமல் இல்லை. ஆனால் கறுப்புச் சமமாக இல்லை. காலையில் பிழிந்த சாற்றைப் பின்னேரம் பாவித்திருந்தேன். ஒன்பதாவதுக்கு உடனே துருவினேன். வந்தது. பத்தாவதும் வந்தது. இரண்டையும் நண்டு மூடிக்குப் பக்கத்தில் வைத்தபோது, அவை ஒரு தாய்ப் பிள்ளைகள்.

ஆனால் துண்டு வேறு, வளையம் வேறு. வளையம் கெட்டால் திரும்பவும் மினுக்க வேண்டும், மினுக்கினால் மீன் சினைப் புள்ளிகள் மழுங்கும். மூன்று கிழமையில் மிஞ்சி இருந்தது இரண்டு நாள். ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை சாந்தி லீவு போட்டுவிட்டு, முள்ளங்கியும் துருவியும் கொண்டு பட்டறைக்கு வந்தாள். நான் துருவினால் விரலையும் சேர்த்துத் துருவிவிடுவேன் என்பது அவளுடைய கணிப்பு. அவள் குசினியில் துருவ, மேடம் துணியில் பிழிய, நான் கொக்கியோடு நின்றேன். வளையம் சாற்றில் தோய்ந்து மருந்துக்குள் போனது. ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் நிறுத்தினாலும் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுக்கும். அலகுக்கு முன்னால் நின்றது போல மூவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

முதலில் மண்ணிறம் வந்தது. எடுத்து, கழுவி, சாற்றில் தோய்த்து, திரும்ப இறக்கினேன். கத்தரிக்காயின் ஊதா வந்தது. கை உளைந்தது. வளையத்தில் மூன்று நண்டும் மருந்துக்குள் நீந்துவது போல இருந்தன. அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். ஊதா ஆழமாகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில், நாவற்பழத்தின் தோலில் வெளிச்சம் படும்போது தெரிகிற நீலம் ஓடிய கறுப்பாக நின்றது. வெளியே எடுத்தேன். கழுவினேன். வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, மெழுகு ஒரு பொட்டுப் பூசினேன். தேமல் இல்லை. ஒரு புள்ளி மழுங்கவில்லை. மூடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ம்" என்றார் மேடம். அதற்குள் ஒரு முழுப் பட்டமளிப்பு விழா இருந்தது.

"என்ன பாத்தீங்க சார்?"

"கறுப்பு, மேடம்."

"என்ன நெனைச்சீங்க?"

"வேலை போகேல்லை எண்டு."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாந்தி துருவியைக் கழுவிக்கொண்டே, "மிச்ச முள்ளங்கியில சாம்பார் வைக்கலாம் போல" என்றாள். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சாம்பார் நன்றாக வரவில்லை. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமை மொரி வந்தார். வளையத்தையும் மூடியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பல் பார்க்கிற உருப்பெருக்கியால் பார்த்தார். இருபது நிமிடம். நான் இருபது வருடம் என்று எழுதலாம், பொய்யாக இராது. பிறகு உருப்பெருக்கியைச் சட்டைப் பையில் போட்டார். "சரி. பூட்டுங்கோ" என்றார். அவ்வளவுதான். ஒட்டிய கைப்பிடியில் வளையத்தையும் மூடியையும் ஏற்றி, பட்டு நாடா சுற்றி, அலகை இறக்கி, அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, மூங்கில் ஆணியைச் செருகினேன். இறுகியது. மொரி கையெழுத்துப் போட்டுவிட்டு, வாளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் அவர் சேர்ந்திருந்த வாள் சேகரிப்போர் சங்கத்தில் இருந்து இன்னொரு வாள் வந்தது. பிறகு இன்னொன்று. நான் ஓய்வு பெறும்வரை முப்பத்தாறு வாள்கள் என் கையால் கழன்று பூட்டுப்பட்டன. வாள் என்றால் மல்கிரேவுக்கு அனுப்பு, அங்கே ஒரு தமிழன் இருக்கிறான் என்று சிட்னியில் பேச்சாம். அந்தத் தமிழனும் சும்மா இருக்கவில்லை. இருநூறு வருடக் கறுப்பை அழித்து, மூன்று கிழமையில் அதே கறுப்பைத் திரும்பக் கொண்டுவந்த கதையைப் புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னான். விருந்தாளிகளுக்குச் சொன்னான். பிறந்தநாள் வீடுகளில், சோற்றுக்கோப்பையோடு சுவரில் ஒதுங்கி நின்றவர்களைத் தேடிப் பிடித்துச் சொன்னான். சொல்லச் சொல்ல வாளுக்கு வயதும் ஏறியது. கடைசிக் காலத்தில் அது முந்நூறைத் தொட்டிருந்தது.

போன வருடம், பட்டறையில் எனக்கு ஓய்வு விருந்து வைத்தார்கள். மேடம் வழக்கம் போல இரண்டே வசனம் பேசினார். மொரியும் வந்திருந்தார். தொண்ணூறு வயது, இப்போது மல்கிரேவிலேயே மகளோடு இருக்கிறார். எனக்கு ஏற்புரை. எந்தக் கதையைச் சொன்னேன் என்று கேட்க வேண்டாம். நன்றாகப் போனது. கை தட்டினார்கள். மொரியும் தட்டினார்.

கூட்டம் கலைந்தபின், தடியை ஊன்றி என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

"நீ அழிச்ச அந்தக் கறுப்பு என்ர பாட்டன்ர காலத்துக் கறுப்பில்லை" என்றார்.

"விளங்கேல்லை சேர்."

"சிட்னிக்கு வந்த புதுசில வளையத்தைப் பற்பசை போட்டு மினுக்கிப் போட்டன், வடிவா இருக்குமெண்டு. அப்பான்ர முகத்தில முழிக்கப் பயந்து, செவன் ஹில்ஸ் கராஜுக்குள்ள வைச்சு நானே திருப்பிக் கறுப்பாக்கினனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீ உரிச்சது அதைத்தான்."

கதிரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"அப்ப ஏன் சேர் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

அவர் தடியைப் பிடித்து எழும்பினார். மகள் கார்த் திறப்பைக் கிலுக்கியபடி வாசலில் நின்றாள்.

"உன்ர கறுப்பு என்ர கறுப்பை விடத் திறம். அதை உனக்குச் சொல்ல எனக்கு இருபது வருசம் மனம் வரேல்லை."